மூன்று உறைக்குள் வந்த பருத்திப் படங்கு

கொழும்பில் ஓர் ஆடைக் கம்பெனியின் வரவேற்பறையில் அங்கம்மாவின் படம் தொங்குகிறது. ஆள் உயரப் படம். தேயிலைச் செடிகளுக்கு நடுவே, இடுப்பில் வெளுக்காத பருத்தித் துணி கட்டிக்கொண்டு, சிரிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்காத முகத்தோடு நிற்கிறாள். கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி. "இவர் இயற்கையைத் தெரிவுசெய்தார்" என்பது அதன் பொருள்.

அங்கம்மா அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. கொழும்பையும் பார்த்ததில்லை. நாற்பத்தொரு வயதுவரை அவள் தானாகத் தெரிவுசெய்த சாமான் என்று பார்த்தால் ஒன்றுதான் தேறும்: பசறை ஸமீம் நானா கடையில் வாங்கிய இரண்டரை யார் அளவு நீலப் பொலித்தீன். புருஷன் வீரய்யாவைக்கூட அவள் தெரிவுசெய்யவில்லை. மாமன் மகன் என்பதால் தானாக வந்து சேர்ந்தான்.

அந்த நீலப் பொலித்தீன்தான் அவளுடைய படங்கு. கொழுந்து எடுக்கிற பெண்கள் சேலைக்கு மேல் இடுப்பில் சுற்றிக் கட்டுவது படங்கு. கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி கத்தி மாதிரி நிற்கும். நிரைக்குள் இறங்கினால் சேலையைக் கிழிக்கும், சேலை இல்லாத இடத்தில் தொடையைக் கிழிக்கும். போதாததற்குச் செடியில் தேங்கிய தண்ணீர் முழுக்க இடுப்புக்குக் கீழேதான் வடியும். ஆகவே படங்கு அலங்காரம் இல்லை. ஒரு கூரை. குடியிருக்கிற லயத்துக் கூரைதான் ஒழுகுகிறது, இடுப்புக் கூரையாவது ஒழுகாமல் இருக்கட்டும் என்பது அங்கம்மாவின் கொள்கை.

அவள் பிறந்தது பசறைக்கு மேலே ஒரு தோட்டத்தில். பதினான்கு வயதில், எழுபத்தாறாம் ஆண்டு, வேலைக்குப் பேர் பதிந்தார்கள். அப்போது கட்டியது சணல் சாக்கு. காலையில் சாக்காக மலைக்குப் போகும். மழை பெய்தால் பத்து மணிக்கெல்லாம் ஒரு பிள்ளையைத் தூக்கிக் கட்டினதுபோல் ஆகிவிடும். தொண்ணூறுகளில் சணல் சாக்கு மறைந்து உரம் பிளாஸ்டிக் பையில் வர ஆரம்பித்தது. அங்கம்மா உடனே உரப்பைக்கு மாறினாள். பையில் அச்சடித்திருந்ததெல்லாம் சரியாக அவள் பின்பக்கத்தில் விழுந்ததால், அந்த ஆண்டுகளில் அவள் பின்னால் ஏறிய அத்தனை பேருக்கும் யூரியாவில் நைதரசன் நாற்பத்தாறு வீதம் என்பது மனப்பாடம். தோட்டப் பாடசாலையில் இரசாயனம் படிப்பிக்க ஆளில்லாத காலம் அது.

தொண்ணூற்றொன்பதில்தான் நீலப் பொலித்தீன்.

"இது நல்ல கனம். கிழியாது," என்றார் ஸமீம் நானா.

"கிழிஞ்சா?"

"கிழிஞ்சா கொண்டு வாங்க."

"கொண்டு வந்தா?"

"பாத்துட்டு தாறன்."

நான்கு வருஷம் அது கிழியவில்லை. கிழிந்த இரண்டு இடத்தை அவளே ஒட்டினாள். பொலித்தீனின் இரண்டு விளிம்பையும் சேர்த்து, இரும்பு அறுக்கிற பழைய வாள் அலகில் மடித்துப் பிடித்து, மெழுகுதிரிச் சுடரில் ஓட்டினால் உருகி ஒன்றாகிவிடும். மிக்சர் பக்கெட்டின் வாயை ஒட்டுகிற அதே வேலை.

சேலையும் அப்படித்தான். அவள் கட்டுவது நைலெக்ஸ். கார்த்திகை மழையில் பருத்திச் சேலை காய மூன்று நாள் ஆகும்; அடுப்புக்கு மேலே தொங்கவிட்டால் இரண்டு நாள், ஆனால் புகைக்கருவாடு மாதிரி மணக்கும். நைலெக்ஸ் உதறிப் போட்டால் விடியக் காய்ந்திருக்கும். இரண்டே சேலை வைத்திருக்கிறவளுக்கு இது ஒரு தத்துவம்.

இதெல்லாம் எதற்காக என்றால், பேருக்காக. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் விழும். சொன்ன கிலோவை எடுத்தால் முழுப்பேர். எடுக்காவிட்டால் அரைப்பேர். அங்கம்மாவுக்குத் தொண்ணூற்றுமூன்றாம் ஆண்டிலிருந்து அரைப்பேர் விழுந்ததே கிடையாது. காய்ச்சல் வந்தால் வீட்டில் கிடப்பாள். மலைக்குப் போனால் முழுப்பேரோடுதான் இறங்குவாள். லயத்தில் வேறு எதற்காகவும் அவளை யாரும் மதித்ததாகத் தெரியவில்லை. இதற்காக மதித்தார்கள்.

இனி, கம்பெனிக்கு வருவோம்.

கம்பெனி தைப்பது மழை ஜாக்கெட். முழுக்க முழுக்கப் பொலியெஸ்டர். நூலும் அதுவே, சிப்பும் பிளாஸ்டிக், பட்டனும் பிளாஸ்டிக். வெட்டி மிஞ்சின துண்டுகளை வெள்ளிக்கிழமைதோறும் ஆற்றோரத்தில் கொளுத்துவார்கள். அந்தக் கறுப்புப் புகையைப் பார்த்தே நாளைச் சொல்லிவிடலாம். இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, ஜாக்கெட் வாங்குகிற நாட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பிளாஸ்டிக்கைக் குறைக்க நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்கள்.

கம்பெனி யோசித்தது. தன்னுடைய பிளாஸ்டிக்கைக் குறைத்தால் ஜாக்கெட்டே இருக்காது. ஆகவே வேறு யாருடைய பிளாஸ்டிக்கையாவது குறைப்பது என்று தீர்மானித்தார்கள். அந்த வாரம் குடும்பத்தோடு பதுளைக்குப் போன கம்பெனிப் பெரியவர் ஒருவர், வழியில் பச்சை மலையில் நீலம் நீலமாகப் பெண்கள் நிற்பதைப் பார்த்திருக்கிறார். காட்சி கெடுகிறது என்று அவருக்குப் பட்டது. திட்டம் பிறந்துவிட்டது.

திட்டத்துக்குப் பொறுப்பாக வந்தவர் இரகுநாதன். யாழ்ப்பாணத்து மனிதர், நேர்மையானவர், கண்ணாடி போட்டவர். அவருக்கு இருந்த தகுதி தமிழ் தெரியும் என்பது. பருத்தியில் அவருக்கு உண்மையாகவே நம்பிக்கை இருந்தது. அவர் பிறந்த ஊரில் அது நியாயமான நம்பிக்கைதான். அங்கே பருத்தியைக் காயப்போட்டுத் திரும்புவதற்குள் மொறமொறவென்று நிற்கும்.

ஆவணியில் ஒரு காலை, பெரட்டுக்களத்தில் ஆட்கள் வேலைக்குப் பிரிய நிற்கும்போது அவர் பேசினார். பிளாஸ்டிக் மண்ணில் நானூறு வருஷம் கிடக்கும் என்றார். பெண்களுக்கு அது பாராட்டாகக் கேட்டது. நான்கு வருஷம் கிடப்பதே பெரிய விஷயம் என்றிருந்த அங்கம்மா, ஸமீம் நானாவை மனதுக்குள் மன்னித்தாள்.

பிறகு லொறியிலிருந்து பருத்திப் படங்குகளை இறக்கினார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றும் கஞ்சி போட்டு மடித்து, பளிங்கு மாதிரியான பொலித்தீன் உறைக்குள் இருந்தது. அந்த மாதிரிப் பத்து உறை சேர்ந்து ஒரு நடு உறைக்குள் இருந்தது. நடு உறைகள் எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய உறைக்குள் இருந்தன. பிளாஸ்டிக்கை ஒழிக்கிற திட்டம் மூன்று பிளாஸ்டிக்கைத் தாண்டி வெளியே வந்து மூச்சு விட்டது.

பெண்கள் துணியைத் தொட்டுப் பார்த்தார்கள். அங்கம்மா உறையைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஐயா, இந்தக் கவரும் எங்களுக்குத்தானுங்களா?"

"உது குப்பை அம்மா. எறிஞ்சுபோடுங்கோ."

"எங்க எறியிறதுங்க?"

இரகுநாதன் சுற்றுமுற்றும் பார்த்தார். மலை. ஓடை. கோயில். "எங்கையாவது," என்றார்.

அங்கம்மா அதற்கான இடத்தைத் தெரிந்து வைத்திருந்தாள். மற்றவர்கள் கீழே போட்டதையும் பொறுக்கி, வீட்டில் பாய்க்கு அடியில் எறிந்தாள்.

பழைய பிளாஸ்டிக் படங்குகளை எல்லோரும் ஒப்படைக்க வேண்டும் என்று தோட்டத்துத் தொரை உத்தரவு போட்டார். இனிமேல் பிளாஸ்டிக் கட்டிக்கொண்டு வருகிறவளைப் பெரட்டிலேயே திருப்பி அனுப்புவதாகவும் சொன்னார். நீலப் படங்கும் போனது. திட்டத்துக்கு முன்மாதிரி ஆளாக யாரைப் போடலாம் என்று இரகுநாதன் கேட்டபோது, தோட்டத்திலேயே நல்ல கொழுந்துக்காரி என்று அங்கம்மாவைக் கைகாட்டினார்கள். படம் பிடிக்கிற ஆள் எந்த நாளும் வரலாம். தை மாதம் ஜாக்கெட் வாங்குகிற வெளிநாட்டு ஆட்களும் வருவார்கள். அதுவரை அவள் ஒரு நாளும் பருத்தியில்லாமல் மலையில் நிற்கக்கூடாது.

ஆவணி, புரட்டாதியில் எல்லாம் நன்றாக இருந்தது. மழை இல்லை.

ஐப்பசி பிறந்தது. பருத்தி தன் வேலையைக் காட்டியது. முதல் நிரை முடிவதற்குள் செடியில் இருந்த தண்ணீரையெல்லாம் குடித்தது. இரண்டாவது நிரையில் வானத்துத் தண்ணீரைக் குடித்தது. குடித்ததைத் தானே வைத்துக்கொள்ளவும் இல்லை. சேலைக்குக் கொடுத்தது, சேலை காலுக்குக் கொடுத்தது. தொடையில் ஈரம் உரசி உரசித் தோல் சிவந்து நடக்க முடியவில்லை. அட்டைகளுக்கு மட்டும் பிடித்திருந்தது. வழுக்காமல் ஏற நல்ல படிக்கட்டு.

நிறுவைக்குப் பொறுப்பு கணக்கப்பிள்ளை பொன்னையா. ஈரக் கொழுந்துக்கு ஒவ்வொரு நிறுவையிலும் கழிவு பிடிப்பார். எவ்வளவு ஈரம் என்பது தராசுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும்.

"என்னா அங்கம்மா, கொழுந்து கொண்டாந்தியா, கொளத்தக் கொண்டாந்தியா?"

"மழைங்கய்யா."

"மழ எல்லாருக்குந்தான். ஒன் சீலையில ஒழுகுறத வேற கூடையில புழிஞ்சிருக்கியே. ரெண்டு கிலோ கழிவு."

அந்திக்குப் பார்த்தபோது மூன்று கிலோ குறைவு. பொன்னையா பேனையை எடுத்து, தயங்கினதுபோல் ஒரு நிமிஷம் பாவனை செய்து, அரைப்பேர் போட்டார். பத்து வருஷத்தில் முதல் அரைப்பேர். பின்னால் நின்ற காளியாயி, அங்கம்மாவுக்கு நாத்தனார் முறை, பெருமூச்சுக்கு நடுவே சொன்னாள்: "பரவால்ல மதினி. போட்டோ புடிக்கிறப்ப முழுசாப் புடிப்பாங்க."

அந்த வாரத்தில் மட்டும் நான்கு அரைப்பேர்.

மற்றப் பெண்கள் இதற்குள் கெட்டிக்காரத்தனமாகப் பருத்திக்கு வேறு வேலை கொடுத்திருந்தார்கள். லயத்தில் அது ஜன்னல் திரையானது, தொட்டிலானது, தலையணை உறையானது. மழைக்கு அவர்கள் வாழைச் சருகையும் பழைய சாக்கையும் கட்டிக்கொண்டு போனார்கள். இரண்டும் இயற்கையானவை என்பதால் தொரைக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. முன்மாதிரிக்கு மட்டும் அந்தச் சுதந்திரம் கிடையாது.

"நல்ல துணி புள்ள," என்றான் வீரய்யா, அடுப்புக்கு மேலே சொட்டிக்கொண்டிருந்ததைத் தடவிப் பார்த்து. "மலைக்குத்தான் ஆவாது. படுக்கறதுக்கு அருமையா இருக்கும்."

"அப்ப நாளைக்கு நீங்க கட்டிக்கிட்டு மலைக்குப் போங்க. நான் படுத்துப் பாக்குறேன்."



அன்றைக்குத்தான் அவள் பாய்க்கு அடியிலிருந்த உறைகளை எடுத்தாள். ஓரத்தைக் கிழித்து விரித்தாள். வாள் அலகு, மெழுகுதிரி. எட்டு உறை ஒரு படங்கு ஆயிற்று. நல்ல கனம், ஸமீம் நானா கடையில் இந்தத் தரம் கிடைக்காது. கண்ணாடி மாதிரி. அதுதான் அவளுக்கு யோசனையைக் கொடுத்தது. பருத்தியை உள்ளே கட்டினாள், உறையை வெளியே கட்டினாள். பத்தடி தள்ளி நின்று பார்த்த வீரய்யாவுக்குப் பருத்திதான் தெரிந்தது.

"என்னா ஒரு மாதிரி மினுங்குது?"

"மினுங்கட்டும்."

மறுநாள் முழுப்பேர். அதற்கு மறுநாளும். பருத்தி உள்ளே சூடாக, காய்ந்து, கசங்காமல் இருந்தது. ஒரு பருத்தித் துணிக்கு அந்த மலையில் கிடைத்த முதல் நல்ல வாழ்க்கை. தெரிந்தால் பெரட்டிலிருந்து திருப்பிவிடுவார்கள் என்ற பயம் அங்கம்மாவுக்கு நாள் முழுக்க இருந்தது. ஆனால் காலில் ஈரம் இல்லாத பயம், ஈரத்தோடு இருக்கிற தைரியத்தைவிட மேல்.

மார்கழியில் படம் பிடிக்கிறவர் வந்தார். இளந்தூறல். பருத்தியின் மேல் விழுந்த வெளிச்சத்தைப் பார்த்து அவர் சொக்கிப் போனார். இயற்கை நாருக்கே உரிய பளபளப்பு என்று இரகுநாதனிடம் சொன்னார். இரகுநாதன் அதைக் குறித்துக்கொண்டார். கொழும்பில் தொங்கும் படத்தில் இன்றைக்கும் பார்க்கலாம்: அங்கம்மாவின் இடது இடுப்புக்குக் கீழே, தலைகீழாக, சின்ன எழுத்தில், உறையோடு வந்த எச்சரிக்கை தெரிகிறது. குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். தினமும் நூறு பேர் அந்த வழியாகப் போகிறார்கள். படித்தவர் யாரும் இல்லை.

தை மாதம் வெளிநாட்டு ஆட்கள் வந்தார்கள். அன்றைக்கு என்று பார்த்து வானம் கிழிந்தது. விருந்தினர் எட்டுப் பேரும் தொரையும் கம்பெனியின் மழை ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு மலையில் ஏறினார்கள். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. இரகுநாதன் மட்டும் போடவில்லை. கொள்கைக்காகப் பருத்திச் சட்டை அணிந்து வந்திருந்தார். முதல் வளைவிலேயே சட்டை உடம்பில் ஒட்டி, உள்ளே பெனியன் எங்கே முடிகிறது என்பதுவரை தெரிந்தது. பற்கள் தந்தியடித்தன.

முன் நிரையில் அங்கம்மா நின்றாள். வந்தவர்களில் பெரியவளாகத் தெரிந்த ஒரு வெள்ளைக்காரி நேராக அவளிடம் வந்து, சிரித்து, குனிந்து, படங்கைத் தொட்டாள். விரல் வழுக்கியது. மறுபடி தொட்டாள். துணி விற்கிறவளுக்குத் துணி தெரியாதா. நிமிர்ந்து இரகுநாதனைப் பார்த்தாள். தொரை அங்கம்மாவைப் பார்த்தார். பொன்னையா பேர் எழுதுகிற கொப்பியை இறுக்கிப் பிடித்தார், இப்போதே அவள் பேரை வெட்டச் சொல்வார்கள் என்பதுபோல்.

"ஏன் இதைக் கட்டியிருக்கிறியள் எண்டு கேக்கிறா," என்றார் இரகுநாதன்.

அங்கம்மா தலையிலிருந்த கூடைக் கயிற்றைச் சரிசெய்தாள். பொய் சொல்லப் பார்த்தாள், ஒன்றும் வரவில்லை.

"மழைங்க," என்றாள்.

இரகுநாதன் தன் கையைப் பார்த்தார். விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. ஐப்பசியில் இந்தப் பெண்ணின் காலில் இருந்தது என்னவென்று அந்தக் கணத்தில் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தார். அங்கம்மா சொன்ன ஒரு சொல் ஆங்கிலத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நீளமான மூன்று வாக்கியம் ஆகியிருந்தது. இந்தத் தொழிலாளி நம்முடைய பொதி உறைகளை எறியாமல் சேர்த்து, தன் கையாலேயே ஒட்டி, பருத்தியைப் பாதுகாக்கிறார் என்றார். இது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு என்றார். அதிலே பொய் ஒன்றும் இல்லை என்பதுதான் விசேஷம்.

வெள்ளைக்காரியின் முகம் மலர்ந்தது. குப்பைக்கு மறுவாழ்வு என்ற பொருளில் ஏதோ சொன்னாள். எட்டு ஜாக்கெட்டும் கைதட்டின. தொரை கடைசியாக, ஆனால் பலமாகத் தட்டினார். பொன்னையா கொப்பியைத் தளர்த்தினார்.

கூட்டம் இறங்கின பிறகு இரகுநாதன் பின்தங்கி நின்றார்.

"அம்மா, உண்மையா உங்களுக்கு என்ன வேணும்?"

"ஐயா நெசமாவே கேக்குறீங்களா, எழுதிக்கிறதுக்கா?"

"ரெண்டுக்கும்தான்."

"அவங்க போட்டிருந்தாங்களே, அது. சும்மா இல்லீங்க. ஒண்ணு குடுத்தா பத்து வருஷம் வெச்சிருப்பேன். அந்த நாட்டுல ஒண்ண எத்தன வருஷம் போடுவாங்க?"

இரகுநாதனுக்குத் தெரியும். ஒரு மழைக்காலம். அடுத்த வருஷம் நிறம் மாறிவிடும்.

அவர் எழுதிக்கொண்டு போனார். குறைவாகத் தைக்கலாம், நீண்ட நாள் உழைக்கத் தைக்கலாம், வெட்டுத்துண்டைக் கொளுத்தாமல் அதிலே தோட்டத்துக்குப் படங்கு தைக்கலாம் என்று அறிக்கையில் ஒரு முழுப் பக்கம். அச்சில் வந்தபோது அந்தப் பக்கத்தில் எழுத்துக்குப் பதில் அங்கம்மாவின் படம் இருந்தது. உறைகளுக்கு மறுவாழ்வு என்பது திட்டத்தின் இரண்டாம் கட்டமாக அறிவிக்கப்பட்டது. பிளாஸ்டிக் படங்குக்கு இருந்த தடையைத் தொரை நீக்கவில்லை. கம்பெனி உறையில் செய்த படங்கு பிளாஸ்டிக் அல்ல என்று மட்டும் பெரட்டில் அறிவித்தார். அடுத்த வருஷம் இருநூற்றுப் பன்னிரண்டு பருத்திப் படங்கும் தலைக்கு இரண்டு பெரிய உறையில் வந்தன. பெண்கள் அனைவருக்கும் மகிழ்ச்சி. லயத்தில் ஜன்னல் திரைகளும் புதிதாயின. வெள்ளிக்கிழமைப் புகை வழக்கம்போல் போனது.

இரகுநாதன் அந்த லொறியில் வரவில்லை. வேறு வேலைக்குப் போய்விட்டாராம். ஆனால் அங்கம்மா பேருக்கு ஒரு பார்சல் இருந்தது. பெரிய உறைக்குள் சின்ன உறை, அதற்குள் ஒரு மழை ஜாக்கெட். கையில் தையல் இரண்டு நூல் தப்பியதற்காகக் கழித்த உருப்படி.

காளியாயி போட்டுப் பார்க்கச் சொன்னாள். அங்கம்மா போடவில்லை. கத்தரிக்கோலை எடுத்தாள். முதுகுப் பக்கமும் முன்பக்கமும் சேர்த்துப் பிரித்ததில் இரட்டை மடிப்பில் ஒரு படங்கு வந்தது. இரண்டு கையும் அட்டை கடிக்காதபடி காலுக்குப் போயின. தலைமூடி காளியாயிக்கு. சிப் வீரய்யாவின் பையில் ஏறியது. இரண்டாயிரத்துப் பத்தாம் ஆண்டு அதே படங்கோடுதான் அவள் மலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு அரைப்பேர்கூட விழவில்லை. பொன்னையா கழிவை மட்டும் விடவில்லை.

அந்தப் பார்சலில் அங்கம்மாவுக்குப் பயன்படாமல் போனது ஒன்றே ஒன்று. ஜாக்கெட்டின் கழுத்தில் தொங்கிய அட்டை. பச்சை இலை ஒன்று வரைந்து, இந்தக் கம்பெனி இயற்கையை நேசிக்கிறது என்று எழுதியிருந்தது. அடுப்புப் பற்றவைக்கவாவது ஆகும் என்று சுள்ளிக்கு அடியில் வைத்துக் கொளுத்தினாள். எரியவில்லை. சுருண்டு, உருகி, விறகில் ஒட்டிக்கொண்டது.

பிளாஸ்டிக் பூசியிருந்தார்கள்.